கம்பளியை மழித்த கத்தி

1830ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று எட்வின் பியர்ட் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல் வெட்டும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மில் இயந்திரங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். ஊர், க்ளாஸ்டர்ஷயரில் இருக்கும் ஸ்ட்ரவுட். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவு ஊர்கள் அடுத்தடுத்து வருவதைப் போல, ஸ்ட்ரவுட்டைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் ஓடைக்கு ஓடை கம்பளி மில்கள் இருந்தன. இன்று கோல்ஃப் மைதானத்திலும் தொழிற்சாலை வளாகத்திலும் ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, அந்தத் துணி மில்லின் வாரிசு.

கம்பளித் துணி தறியை விட்டு இறங்கியதும் உடுத்துவதற்குத் தயார் ஆகிவிடாது. நனைத்து, மிதித்து, முள்ளால் வாரி, மேற்பரப்பில் மயிரை எழுப்புவார்கள். எழுந்த மயிரை ஒரே மட்டமாக மழித்தால்தான் துணிக்கு வழவழப்பு வரும். பல நூற்றாண்டுகளாக இதைப் பெரிய கத்தரிக்கோல்களால் கையாலேயே செய்துவந்தார்கள். அந்தக் கத்தரி கனமானது. பிடிப்பவர் மணிக்கட்டு தடித்துப்போகும். ஆனால் கூலி நன்றாக இருந்தது. மழிக்கும் இயந்திரம் வந்தபோது யார்க்‌ஷயரில் இந்தத் தொழிலாளர்கள்தாம் முதலில் கொதித்தார்கள். 1812 ஏப்ரலில் ராஃபோல்ட்ஸ் மில்லைத் தாக்கிய, லட்டைட்டுகள் என்று பேர் பெற்ற இயந்திர உடைப்பாளர்களில் பலர் அவர்களே. இயந்திரம் நின்றுவிடவில்லை. 1815இல் ஸ்ட்ரவுட்டுக்குப் பக்கத்து பிரிம்ஸ்கோமைச் சேர்ந்த ஜான் லூயிஸ், உருளையில் திருகலாகக் கத்திகளைப் பதித்து, கீழே அசையாத ஒரு கத்தியோடு உரசவிட்டு, துணியை மழிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டிங் பார்த்தது இந்த வகை இயந்திரத்தைத்தான். துணிக்குப் பதில் தரையை வைத்தார், மயிருக்குப் பதில் புல்லை.

பட்டில் இந்த வேலைக்கு இடமே இல்லை. பட்டு நீள இழை; மழிக்கும்படி மேலே எதுவும் எழுவதில்லை. ஆகவே பாவும் ஊடையும் நுணுக்கமாக அறிந்த காஞ்சி நெசவாளருக்கு இப்படியொரு இயந்திரத்தை நினைத்துப் பார்க்கத் தேவை வந்ததில்லை. ஸ்ட்ரவுட் துணி வேறு வழியில் இந்தியாவோடு சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் சிவப்புக் கோட்டுகளுக்கு அந்த ஊர்ச் சிவப்புத் துணி பேர்போனது. கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பகுதி மில்களின் பெரிய வாடிக்கையாளர். சோழமண்டலக் கரையின் நெசவு ஊர்களில் பருத்தித் துணி வாங்கிக் கப்பல் ஏற்றிய அதே கம்பெனி!

பட்டிங்கின் முதல் இயந்திரம் 19 அங்குல அகலம் வெட்டியது. முழுக்க இரும்பு, பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும், முன்னால் இழுக்க இன்னொருவர் இருந்தால் நல்லது. அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள் என்று இரவில் ஓட்டிப் பார்த்தார் என்றொரு கதையும் உண்டு. ஜான் ஃபெராபீ என்பவர் தம் வார்ப்படச் சாலையில் அதைச் செய்து விற்றார். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளும் முதலில் வாங்கியவர்களில் அடக்கம். கனவான்கள் தாங்களே தள்ளினால் உடம்புக்கு நல்ல பயிற்சி என்றும் பட்டிங் தம் காப்புரிமை மனுவில் எழுதிவைத்தார். விற்கத் தெரிந்த மனிதர்தான், ஆனால் அவர் பெரிய பணக்காரர் ஆகவில்லை, 1846இல் இறந்துபோனார். 1832 முதல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் பெற்று இதைத் தயாரித்தது. அந்தப் பெயர் பிறகு உலகமெங்கும் மைதானங்களில் ஓடியது.

அதற்கு முன் பிரபுக்களின் புல்வெளிகளை நீள்பிடி அரிவாளால் வெட்டினார்கள். பனி ஈரம் காயாத விடியற்காலைதான் அதற்கு நேரம். ஈரப்புல் அரிவாளுக்கு வளைந்து கொடுக்காமல் நின்று அறுபடும். இயந்திரத்துக்கு நேர்மாறாக உலர்ந்த புல் வேண்டும். வேலை நேரமே விடியலிலிருந்து முற்பகலுக்கு நகர்ந்தது. இந்த ஈரச் சங்கடம், வெட்டிய புல்லைப் பொடியாக்கும் இன்றைய மல்ச்சிங் பிளேடு வரைக்கும் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் புல்லை வெட்டியதற்குக் காரணங்கள் வேறு. ஒன்று, புல் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இன்னொன்று, யாருக்கோ அது தீனி.

முதல் காரணத்துக்கு 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவரான திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடுதான் சிற்பங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் நிற்கிறார். கோயில் திருமுற்றத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுக்கும் கருவி அது. திருப்புகலூரில் அப்படிச் செதுக்கும்போது மண்ணோடு பொன்னும் மணியும் புரண்டுவர, கல்லையும் அவற்றையும் ஒன்றாகவே அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கோயில் முற்றத்தில் புல் என்றால் கவனிப்பார் இல்லை என்று பொருள். காஞ்சியைச் சுற்றிய கோயில்களில் இன்றும் உழவாரப்பணிக்கு வரும் அடியார் கூட்டங்கள் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் பக்கத்தில் இப்போது தோளில் மாட்டும் பெட்ரோல் புல்வெட்டியும் வந்துவிட்டது.

அதே காஞ்சியில், ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் காட்சி தலைகீழ். மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் கோயிலைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி விரிந்திருக்கிறது. புல்லை வளர்க்க ஆள், நீர், உரம். வளர்ந்ததும் வெட்ட ஆள், கத்தி. பழைய கட்டடத்தைப் புல் நடுவே நிறுத்திக் காட்டுவது ஆங்கிலேய ரசனை. வைஸ்ராய் கர்சன் தாஜ்மகாலின் தோட்டத்தையே அந்த ரசனைக்கு மாற்றியமைத்தார். அடர்ந்த மரங்கள் குறைந்து திறந்த புல்வெளி வந்தது. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் ஆட்சியில்தான். நாவுக்கரசர் செதுக்கி எறிந்ததை அரசாங்கம் விதைத்து வளர்க்கிறது என்பது வேடிக்கைதான். ஆனாலும் மணற்கல் சிற்பங்களுக்கு நடுவே சுற்றி வந்த கண்ணுக்கு அந்தப் பச்சை இதமாக இருப்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது காரணம் தீனி. ஐயம்பேட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் வாலாஜாபாத்துக்கு ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டப்பெயர். கம்பெனி அங்கே பட்டாளம் வைத்திருந்தது. பட்டாளம் என்றால் குதிரை, குதிரை என்றால் புல். கம்பெனிக் காலத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரர் ஒருவர், புல் கொண்டுவர இன்னொருவர் என்பது வழக்கம். வடக்கே அந்த இரண்டாவது ஆள் ஆணாக இருப்பார். தெற்கே குதிரைக்காரரின் மனைவியே அந்த வேலையைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்ஸன்-ஜாப்ஸனே இதைக் குறித்து வைத்திருக்கிறது. அருகம்புல்லைச் சிறு கொத்தால் வேரோடு செதுக்கி, மண் போக அலசி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். பட்டாளங்களின் வரலாற்றில் தளபதிகள் பெயர் இருக்கிறது, குதிரைகளின் பெயர்கூடச் சில இடங்களில் இருக்கிறது. புல் சுமந்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

ஊர்ப்புறத்தில் இது மாறாமல் நீடித்தது. வரப்போரம் கருக்கரிவாளோடு உட்கார்ந்து அறுப்பது, புல்லுக்கட்டை மாட்டுக்குப் போடுவது, மிஞ்சியதையும் சாணத்தையும் எருக்குழியில் தள்ளுவது. வெட்டிய புல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி இந்த ஏற்பாட்டில் எழவே எழாது. புல்வெட்டி இயந்திரத்தின் வரலாற்றில் பாதி, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

இயந்திரம் பெரிதாகியது. ஸ்காட்லாந்து ஆர்பிராத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்ஸ் 1842இல் மட்டக்குதிரை இழுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லாடம் புல்வெளியைக் கிழிக்காமல் இருக்கக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். இந்தியாவுக்கு வந்தபோது குதிரையின் இடத்தில் மாடு நின்றது. தாஜ்மகால் புல்வெளியில் மாடு பூட்டிய இயந்திரம் ஓடும் படங்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும்கூட எடுக்கப்பட்டிருக்கின்றன. வெட்டும் புல் கூடைக்குள் விழும், இழுக்கும் மாட்டுக்கே அது தீனியாகவும் போகும். பெட்ரோல் செலவு, கழிவு இரண்டையும் ஒரே மாடு தீர்த்துவைத்த ஏற்பாடு இது. இதைவிடச் சிக்கனமான புல்வெட்டி பிறகு எதுவும் வரவில்லை.

சென்னை ராஜதானியில் புல்வெளிக்குக் குறைவில்லை. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், 1848இல் ஊட்டியில் மெக்கைவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 1884இல் வந்த ஜிம்கானா கிளப் என்று வரிசையாகச் சொல்லலாம். ஊட்டியில் ஆங்கிலேயரின் ஊர்ப்புல் நின்றது. சமவெளி வெயிலில் அது தாங்கவில்லை. தாங்கியது, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகு. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்திலும் இதே அருகம்புல்தான்; முதலில் கல்கத்தா பெல்வெடியர் தோட்டத்திலிருந்து கொண்டுபோய் நட்டார்கள். உலகின் வெப்ப நாடுகளில் மைதானங்களை மூடியிருக்கும் பெர்முடா புல்லும் இந்த இனமே. பெயரில் இருக்கும் பெர்முடா தீவுக்கு அது பிற்பாடு போய்ச் சேர்ந்தது.

அருகு தரையோடு ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். அதை ஒட்ட வெட்ட, பட்டிங்கின் உருளைக் கத்திக்கு நிகர் இல்லை. கத்தரிபோல் இரண்டு அலகுகளுக்கு இடையே நறுக்குவதால் வெட்டு சுத்தமாக இருக்கும். கிரிக்கெட் பிட்ச்சுக்கும் கோல்ஃப் கிரீனுக்கும் இன்றும் அதுவே. ஆனால் ஒரு கூழாங்கல் சிக்கினால் கத்தி போயிற்று. புல் அரையடி வளர்ந்துவிட்டால் கத்திக்குள் வராமல் சாய்ந்துகொள்ளும்.

அதற்கு மாற்றாக வந்தது, மின்விசிறிபோல் தரைக்கு இணையாகச் சுழலும் ஒற்றைப் பட்டைக் கத்தி. இது நறுக்குவதில்லை, வேகத்தால் அடித்து வெட்டுகிறது. 1933இல் இங்கிலாந்தில் ரோட்டோசைத் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1952இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தம் கொட்டகையில் ஒன்றைச் செய்தார். பெட்ரோல் டேங்குக்குக் காலி பீச் பழ டின். விக்டா என்ற பெயரில் அது ஆஸ்திரேலிய வீடுகளை எல்லாம் பிடித்தது. உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளும் பெரும்பாலும் இந்தக் கத்தியைத்தான் அடியில் தாங்குகின்றன. கத்திகளை மூடியிருக்கும் அடிக்கூட்டை டெக் என்பார்கள்; 42 அங்குல டெக் என்றால் வழக்கமாக இரண்டு கத்திகள், அதற்கு மேலே போனால் மூன்று.

அமெரிக்காவில் வெட்டிய புல்லை வாரிப் பையில் கட்டித் தெருவில் வைப்பது பழக்கமாயிற்று. வீட்டில் மாடு இல்லாதவர்கள் வேறென்ன செய்வது? 1990 கணக்கில் அந்த நாட்டின் நகரக் குப்பையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, சுமார் 3.5 கோடி டன், தோட்டக் கழிவு. குப்பைமேடுகள் நிரம்பின. இல்லினாய் மாநிலம் 1990இலும் விஸ்கான்சின் 1993இலும் தோட்டக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்குத் தடை போட்டன. மல்ச்சிங் பிளேடு அதற்கு முன்பே இருந்தது என்றாலும், அதற்கு யோகம் அடித்தது அப்போதுதான்.

சாதாரணக் கத்தியின் பின்விளிம்பு இறக்கைபோல் மேலே மடிந்திருக்கும். சுழலும்போது காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும், வெட்டியதைப் பக்கவாட்டுத் துவாரம் வழியே வீசியெறியும். மல்ச்சிங் பிளேடின் உடம்பில் வளைவு அதிகம், வெட்டும் விளிம்பும் நீளம். துவாரத்தை அடைத்துவிட்டால் வெட்டுண்ட புல் டெக்குக்குள்ளேயே எழும்பி, மறுபடி கத்தியில் விழுந்து, பொடியாகி, வேருக்குள் இறங்கும். இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் மேடைக்கு மேடை பேசிய மூடாக்கை இயந்திரம் தன் வழியில் செய்கிறது. ஒரு பருவம் முழுக்க வெட்டிய புல்லைத் திரும்பத் தரையிலேயே விட்டால், புல்வெளிக்கு வேண்டிய தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு திரும்பக் கிடைக்கும். தூள் சேர்ந்து அடியில் மெத்தை கட்டும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அருகம்புல்லில் கட்டும் மெத்தை அதன் தண்டும் வேரும். வெட்டிய இலைத்தூள் சீக்கிரம் மட்கிவிடும்.

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் சாலை ஒரகடத்தைத் தொட்டுப் போகிறது. ஐயம்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பங்களின் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போகும் தொழிற்பேட்டை வட்டாரம் அது. ஏக்கர் கணக்கில் புல்வெளி வைத்த வளாகங்களும் அங்கே உண்டு. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கு இந்தப் பகுதியில் இடம் என்றால் அப்படிப்பட்ட வளாகங்களும் கல்லூரி மைதானங்களும்தான். வண்டி வெளிநாட்டுத் தயாரிப்பு, கத்தி தேய்ந்தால் மாற்று தேட வேண்டும். அங்கேதான் தவறுகள் நடக்கின்றன.

கத்தியின் நீளத்தை விளிம்பை ஒட்டி அளக்கக் கூடாது. ஒரு முனையின் வெட்டும் மூலையிலிருந்து நடுத்துளை வழியாக எதிர்முனையின் வெட்டும் மூலை வரைக்கும், குறுக்காக அளக்க வேண்டும். நடுத்துளை வட்டமா, ஐந்து முனை நட்சத்திரமா, ஆறு முனையா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மாட்டினால் உட்காராது. அரை அங்குலம் நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமே என்று வாங்குவது ஆபத்து. பக்கத்துக் கத்தியோடு மோதும். மோதாவிட்டாலும் முனையின் வேகம் கூடிவிடும். அமெரிக்கத் தர விதி கத்தி முனைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். வண்டியை வடிவமைத்தவர்கள் அந்த வரம்பைக் கணக்கில் வைத்தே கத்தி நீளத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள்.

பட்டறையில் கொடுத்து விரிசலைப் பற்றவைப்பதும் வேண்டாம். இந்தக் கத்திகள் கல்லில் மோதினால் உடைந்து தெறிக்காமல் வளையும்படி பதம் வைத்துச் செய்யப்படுகின்றன. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். சாணை பிடிக்கும்போது விளிம்பு நீலம் பாரித்தாலும் அப்படியே. சாணை பிடித்த பிறகு நடுத்துளையில் ஓர் ஆணியைச் செருகித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்விலேயே ஸ்பிண்டில் பேரிங் போகும். பாலாற்றங்கரைப் பகுதிக்கென்று தனியாக ஒன்று: மணல் கலந்த தரையில் ஓடும் கத்தியின் வெட்டும் விளிம்பைவிட, காற்றை இழுக்கும் பின்மடிப்பு சீக்கிரம் அரிபடும். விளிம்பு கூராக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் ஒருநாள் அந்த மடிப்பு பிய்ந்து பறக்கும்.

மல்ச்சிங் பிளேடு மட்டும் வாங்கினால் போதாது. துவாரத்தை அடைக்கும் மூடியும் சேர்த்து வாங்க வேண்டும். எஞ்சினுக்கு இழுவை அதிகம், வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த புல்லை இதில் விட்டால் டெக்குக்கு அடியில் களிபோல் அப்பிக்கொள்ளும், புல்வெளியில் கட்டி கட்டியாக விழும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குப் பழைய கத்தியையே மாட்டிப் புல்லை வெளியே தள்ளவிடுவது நல்லது.

வளாகத்துக்குப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் புல்லைக் கேட்டால், களைக்கொல்லி தெளிக்காத இடமாக இருக்கும் பட்சத்தில், அவர்களுக்குக் கொடுப்பதுதான் முதல் வழி. அங்கே மல்ச்சிங் பிளேடு வீண் செலவு. புல்லைப் பைக்குள் தள்ளும் கத்தி போதும். கேட்பார் இல்லாத இடத்துக்கு மல்ச்சிங் பிளேடை வாங்கலாம். எதை வாங்கினாலும் எல்லாக் கத்திகளையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுப் பழைய கத்தியை எடுத்து அளந்து, வண்டியின் கையேட்டில் இருக்கும் பார்ட் நம்பரோடு ஒத்துப் பாருங்கள்.